கூடம் கோணல்தான்

பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ளப் போன ஒருவர் "கை வலிக்குது" என்று சொன்னால் அவருக்குக் கிடைக்கிற பதில் அநேகமாக ஒன்றுதான்: "அப்படித்தான் இருக்கும், பழகிடும்." கனிவான ஆசிரியராக இருந்தால் தன் விரல் நுனியை நீட்டி, அங்கே இருக்கும் காய்ப்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். கறாரானவர் என்றால், "ஒரு மாசம்கூட தாங்க முடியலைன்னா எதுக்கு வந்தே?" என்பார். இரண்டு பேருமே ஒரு வேலையை மட்டும் செய்ய மாட்டார்கள். அந்த மாணவர் வைத்திருக்கும் வாத்தியத்தைக் கையில் வாங்கி, ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து, தந்தி ஃப்ரெட்டுக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று பார்க்க மாட்டார்கள்.

அரை நிமிட வேலை. அதைச் செய்யாமல் "பழகிடும்" என்று சொல்வதைக் கற்பித்தல் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு நாம் சாதகம், அர்ப்பணிப்பு, குருபக்தி என்றெல்லாம் பெரிய பெயர்களை வைத்திருக்கிறோம் என்பதுதான் என் புகார்.

இதற்கென்றே நம்மிடம் ஒரு பழமொழியும் இருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எவ்வளவு சௌகரியமான பழமொழி பாருங்கள். புகார் சொல்பவரின் வாயை ஒரே வரியில் அடைத்துவிடலாம். சொன்னவள் ஒரு பெண் என்பதையும் கவனியுங்கள். அவளுக்கு ஆடத் தெரியாது என்பது தீர்ப்பாகிவிட்டது. ஆனால் அந்தக் கதையில் யாருமே ஒரு ரசமட்டத்தை எடுத்துவந்து கூடத்தின் தரையில் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. தரை உண்மையிலேயே கோணலாக இருந்திருந்தால்?

நான் சொல்லவருவது: கடையில் இருந்து நேராக வீட்டுக்கு வருகிற பேஸ் கிட்டார்களில் பலவற்றுக்கும் கூடம் கோணல்தான்.

*

வாத்தியம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பேஸ் கிட்டாரில் தடித்த நான்கு தந்திகள். தலைப்பக்கத்தில் அவை 'நட்' என்கிற சின்னத் துண்டின் வெட்டுகளில் உட்கார்ந்து, கழுத்தின் மேல் ஓடி, மறுமுனையில் பிரிட்ஜில் முடிகின்றன. வீணைக்காரர்கள் குதிரை என்பார்களே, அதுதான் பிரிட்ஜ். அதில் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு 'சேடில்' உண்டு. அலன் கீயால் திருகினால் சேடில் ஏறும், இறங்கும். முன்னே பின்னே நகரவும் செய்யும். கழுத்து மரத்துக்குள்ளே 'ட்ரஸ் ராட்' என்று ஒரு இரும்புக் கம்பி. நான்கு தந்தியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அந்த இழுப்பில் கழுத்து வில்லாக வளையாமல் எதிர்ப்பக்கமாக முட்டுக்கொடுப்பது அந்தக் கம்பி. அதையும் திருகிக் கூட்டிக் குறைக்கலாம்.

ஆக, தந்தியின் உயரத்தைத் தீர்மானிக்கிற இடங்கள் மூன்று: நட்டின் வெட்டு ஆழம், கழுத்தின் வளைவு, சேடிலின் உயரம். நான்காவதாகத் தந்தியின் கனம். இந்த நான்கையும் ஒருவருடைய கைக்கும் வாசிப்புக்கும் ஏற்ப ஒழுங்குபடுத்துவதற்குப் பெயர்தான் செட்டப். இதில் மந்திரம் எதுவும் கிடையாது. ஃபெண்டர் நிறுவனமே தன் பேஸ்களுக்கான அளவுகளை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. விரல்பலகையின் வளைவைப் பொறுத்து கொஞ்சம் மாறும் என்றாலும், பரவலாகக் கிடைக்கும் மாடல்களுக்கு 17வது ஃப்ரெட்டின் மேல் தடித்த தந்தி பக்கம் சுமார் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய தந்தி பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர். கழுத்தின் நடுவில் இருக்கவேண்டிய குழிவு சுமார் 0.3 மில்லிமீட்டர். இது தொடக்கப்புள்ளிதான். இதிலிருந்து அவரவர் கைக்கு ஏற்ப ஏற்றலாம், இறக்கலாம்.

நட்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. தொழிற்சாலையில் நட்டின் வெட்டைக் கொஞ்சம் ஆழம் குறைவாகவே விடுவார்கள். வெட்டியதை ஒட்ட முடியாது, ஆழம் அதிகமானால் துண்டையே மாற்றவேண்டும், அதனால் அந்த எச்சரிக்கை. அவர்களுக்கு அது பாதுகாப்பு. வாசிப்பவருக்கு அது என்ன என்று ஒரு தோராயமான கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 34 அங்குல நீளமுள்ள பேஸில் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து கிட்டத்தட்ட 48 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால் விரலை வைக்கிறோம். 18 கிலோ இழுவிசையில் விறைத்து நிற்கும் ஒரு தந்தியை, அதைக் கட்டிப்போட்ட முனைக்கு இவ்வளவு பக்கத்தில் அழுத்தினால், உயரம் அரை மில்லிமீட்டர் கூடும்போது விரலுக்கு ஏறக்குறைய 200 கிராம் சுமை கூடுகிறது. ஒவ்வொரு சுரத்துக்கும். அதுவும் தொடக்கக்காரர்கள் முதல் மாதம் முழுக்கக் குடியிருக்கிற முதல் மூன்று ஃப்ரெட்டுகளில்.

இன்னொன்று. உயரமாக நிற்கிற தந்தியை அழுத்தும்போது அது இழுபட்டு நீள்கிறது, சுருதி ஏறுகிறது. அதாவது கோணலான பேஸ் வலியை மட்டும் தருவதில்லை, அபசுரத்தையும் சேர்த்துத் தருகிறது. "வலியைத் தாங்கு" என்று சொல்லும் இசை ஆசிரியர், தெரிந்தோ தெரியாமலோ, "சுருதி விலகியதையும் தாங்கு" என்றுதான் சொல்கிறார்.

*

வரலாறும் என் பக்கம்தான் இருக்கிறது.

1951ல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அமெரிக்காவில் இசைக்குழுக்களின் பேஸ் என்றால் டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற மரப்பெட்டி. காரில் ஏற்றுவது பாடு, மற்ற வாத்தியங்களின் சத்தத்தில் அது கேட்பது அதைவிடப் பாடு. ஃப்ரெட் கிடையாது என்பதால் சுருதி முழுக்க விரலின் பொறுப்பு. ஃபெண்டர் செய்த வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். தந்தி நீளம் நாற்பது அங்குலத்துக்கு மேல் இருந்ததில் இருந்து 34 ஆகக் குறைந்தது. ஃப்ரெட் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும். பெயரே அதிலிருந்து வந்ததுதான். அந்த முதல் மாடலிலேயே சேடிலை ஏற்றி இறக்க முடியும். கழுத்துக்குள் திருகக்கூடிய ட்ரஸ் ராட் இருந்தது.

1954ல் உடலின் விளிம்புகளைச் சரித்துச் செதுக்கினார்கள். பலகை விலாவில் குத்துகிறது என்று கிட்டார் வாசிப்பவர்கள் சொல்லிக்கொண்டே இருந்ததுதான் அந்தச் சரிவுக்குப் பின்னணி. "பழகிடும்" என்று ஃபெண்டர் சொல்லவில்லை, மரத்தைச் செதுக்கினார். 1960ல் வந்த ஜாஸ் பேஸில் கழுத்தின் தலைப்பக்க அகலம் 1.75 அங்குலத்தில் இருந்து 1.5 ஆகியது.

இந்த வரிசையைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பேஸ் கிட்டார் என்கிற வாத்தியமே, வாசிப்பவரின் சிரமத்தைக் காதுகொடுத்துக் கேட்டதால் பிறந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரமத்தைப் புனிதமாக்குவது, லிஃப்ட் வைத்த கட்டடத்தில் படியேறினால்தான் புண்ணியம் என்று சொல்வது போல.

புனிதம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் டபுள் பேஸ் வாசித்தவர்கள் தந்தியை உயர்த்தி வைத்தார்கள். உயரமான தந்தியைப் பலமாக இழுத்தால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும். அவர்கள் கைவலிக்கு ஒரு நியாயம் இருந்தது, சத்தம். பிறகு ஆம்ப்ளிஃபயர் வந்தது. காரணம் போயாச்சு, கஷ்டம் மட்டும் தங்கிடுச்சு. தங்கியது மட்டுமில்லை, பண்பாகவும் பதவி உயர்வு பெற்றுவிட்டது.

*

என் அணியில் ஒரு பெண் வேலை பார்த்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. இளையராஜா பாடல்களைக் கேட்டுக் கேட்டு, பாடகரை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸைப் பின்தொடர்கிற காது அவருக்கு. முதல் போனஸில் நகரத்தில் ஒரு கடையில் பேஸ் வாங்கினார். வார இறுதி வகுப்பில் சேர்ந்தார். நான்கு மாதம் கழித்து, "வித்துடலாம்னு இருக்கேன். உங்களுக்கு வேணுமா, இல்ல வேற யாராவது கேட்டா சொல்றீங்களா?" என்றார்.

ஏன் என்று கேட்டேன். முதல் ஃப்ரெட்டில் எஃப் பிடிக்க வரவில்லை, மணிக்கட்டு விண்விண் என்று தெறிக்கிறது, ஆசிரியர் "உங்க கை சின்னது, உங்களுக்கு யுகுலேலே சரியா வரும்" என்று சொல்லிவிட்டார் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நம்மில் பலர் இந்த மாதிரி விஷயத்தைச் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறோம்.

பேஸை வீட்டுக்குக் கொண்டுவந்து அளந்தேன். 17வது ஃப்ரெட்டில் தடித்த தந்தி 4.2 மில்லிமீட்டர், மெல்லியது 3.6. கழுத்தின் குழிவு 0.9. அதாவது இருக்கவேண்டியதைப் போல மூன்று மடங்கு. மூன்றாவது ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்தால் முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிற சந்துதான் இருக்கவேண்டும். இங்கே விசிட்டிங் கார்டை இரண்டாக மடித்து உள்ளே விட முடிந்தது. 45-105 தந்தி, பெட்டியோடு வந்தது.

செய்த வேலையை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், வரிசை முக்கியம் என்பதால். முதலில் தந்தியை 40-95க்கு மாற்றினேன். தந்தி மாறினால் இழுவிசை மாறும், கழுத்தும் அசையும், அதனால் அதைக் கடைசிக்கு வைக்கக் கூடாது. சுருதி சேர்த்தபின் ட்ரஸ் ராட்டைக் கடிகார திசையில் கால் திருகு. ஒருநாள் விட்டேன். மறுநாள் இன்னொரு கால் திருகு. முதல் ஃப்ரெட்டில் கேபோ போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, நடுவில் ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தேன். மெக்கானிக் ஷெட்டில் வால்வு சரிபார்க்கிறார்களே, அதே ஃபீலர் கேஜ். 0.3 வந்தது. நட்டை மட்டும் நான் தொடவில்லை, அதற்கென்று தனி அரம் வேண்டும். கிட்டார் ரிப்பேர் செய்கிற ஒருவரிடம் கொடுத்தேன். சினிமா டிக்கெட்டும் பாப்கார்னும் ஆகிற பணத்தை வாங்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் அரவித் தந்தார். பிறகு சேடிலை இறக்கி 2.4, 2.0. கடைசியாக இன்டொனேஷன்: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரம், திறந்த தந்தியின் சுரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே விழும்வரை சேடிலை முன்னே பின்னே நகர்த்தினேன். அவ்வளவுதான்.

திருப்பிக் கொடுத்தபோது ஐந்து நிமிடம் வாசித்துப் பார்த்தார். முதல் ஃப்ரெட்டில் எஃப் விழுந்தது. "இது அதே பேஸா?" என்றார். பிறகு அதைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து, "பரவால்ல, இப்ப வேணாம். வித்துடலாம்" என்றார்.

எனக்கு ஆத்திரம் அங்கேதான். அவருடைய கை சின்னதுதான். ஆனால் பிரச்சனை கையில் இல்லை, 1.8 மில்லிமீட்டரில் இருந்தது. நான்கு மாத வகுப்பில் அவர் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது, இசை தனக்கு வராது என்கிற ஒரு பாடத்தை மட்டும்தான். வாத்தியத்தைச் சரிசெய்ய இரண்டு நாள் போதும். அந்தப் பாடத்தை அழிக்க என்னிடம் அலன் கீ இல்லை.

*

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

"ஜேம்ஸ் ஜேமர்சன் என்ன லேசான தந்தியா போட்டார்?" இல்லை. டெட்ராய்ட்டின் மோடவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேமர்சனின் 1962 பிரிசிஷன் பேஸில் கனமான ஃப்ளாட்வவுண்ட் தந்திகள், உயரமான ஆக்‌ஷன், வலதுகையில் ஆட்காட்டி விரல் ஒன்றே ஒன்று. உலகத்தின் மிக அழகான பேஸ் வாசிப்புகளில் சில அந்த வாத்தியத்தில் நிகழ்ந்தன. மறுக்கவில்லை. ஆனால் ஜேமர்சன் டபுள் பேஸில் இருந்து வந்தவர். அவருடைய கைக்கு அது வீடு. அதே காலகட்டத்தில் பால் மெக்கார்ட்னி 30 அங்குல நீளமுள்ள, எடை குறைந்த ஹோஃப்னரை வாசித்துக்கொண்டிருந்தார். ரோலிங் ஸ்டோன்ஸின் பில் வைமன் சிறிய கைக்காரர், சிறிய பேஸைத் தேடிப்பிடித்து வாசித்தார். ஜேகோ பாஸ்டோரியஸிடம் இருந்தது ஃப்ரெட்டெல்லாம் நீக்கி எபாக்ஸி பூசிய ஜாஸ் பேஸ். ஸ்டான்லி கிளார்க் உயரமான மனிதர், அவருடைய அலெம்பிக் 30.75 அங்குலம்தான். இவர்களில் ஒருவரைப் போல மற்றவர் வாத்தியம் இல்லை. ஜேமர்சனைக் காட்டி "நீயும் தாங்கு" என்பது, மகானின் செருப்பை எடுத்து எல்லோர் காலுக்கும் மாட்டுகிற வேலை.

நான் தாழ்ந்த தந்திக்காக வாதாடவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பலமாக இழுத்து வாசிப்பவர் தந்தியை இறக்கினால் அது ஃப்ரெட்டில் அடித்து நரநரக்கும். அவருக்கு உயரம் தேவை, உயர்த்திக்கொள்ளட்டும். அளந்து, தெரிந்து, தேர்ந்து உயர்த்தியதற்கும், பெட்டியில் எப்படி வந்ததோ அப்படியே கிடப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. என் தொழிலில் இதை டீஃபால்ட் என்போம். டீஃபால்ட் என்றால் உங்களுக்காக யாரோ யோசித்து வைத்தது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் யாருமே யோசிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

"சுலபமாக்கினால் விரல் பலப்படாது." இதை நம்புகிறவர் தன் பைக்கில் கிளட்ச் இறுகிப்போனால் என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கிறேன். மெக்கானிக்கிடம் போய் கேபிளை மாற்றச் சொல்கிறார். "விரல் பழகணும் சார், ஆறு மாசம் இப்படியே ஓட்டுங்க" என்று மெக்கானிக் சொன்னால் அந்தக் கடைக்கு மறுபடி போவாரா? சைக்கிள் வாங்கினால் சீட்டை இறக்குகிறோம். சட்டை தைத்தால் தோளை ஆல்டர் செய்கிறோம். அலுவலகத்தில் நாற்காலியின் கையை அரை அங்குலம் உயர்த்த மனிதவளத்துறைக்கு மெயில் போடுகிறோம். வாத்தியம் என்று வந்தவுடன் மட்டும் நமக்குத் தவம் ஞாபகம் வந்துவிடுகிறது.

"ட்ரஸ் ராடைத் தொட்டால் கழுத்து உடைந்துவிடும்." இது கடைக்காரர்கள் பரப்புகிற பயம். சரியான அளவு சாவி, ஒருமுறைக்குக் கால் திருகு, மரத்துக்கு நேரம், இறுக்கமாக இருந்தால் தந்தியைத் தளர்த்திவிட்டுத் திருகுவது, அதற்கும் அசையவில்லை என்றால் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் போவது. இந்த ஐந்தும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. திருகுவதற்காகவே வைத்த திருகை வாழ்நாள் முழுக்கத் தொடாமல் வைத்திருப்பதுதான் விசித்திரம். அதிலும் சென்னை மாதிரியான ஊரில். மரம் ஈரத்தைக் குடிக்கும், விடும். மே மாதத்தில் ஏசி அறைக்குள் வைத்த செட்டப் ஐப்பசி அடைமழையில் அப்படியே நிற்காது. வருடத்துக்கு இரண்டு முறையாவது பார்க்கத்தான் வேண்டும்.

"நம் மரபில் இதெல்லாம் கிடையாது, வாத்தியத்துக்கு முன் பணிவு வேண்டும்." இதைச் சொல்பவர்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். மரபில் இல்லையா? மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன் இடந்தலையில் ரவையைப் பிசைந்து வைத்து, கூட்டிக் குறைத்து, தட்டிப் பார்ப்பதை என்னவென்று நினைத்தீர்கள்? தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியே ஒரு துண்டு நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி நாதத்தைத் திறக்கிறார்களே, அது என்ன? வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில்தான் நிற்கின்றன. காலப்போக்கில் மெழுகு இளகி மெட்டு நகரும். ஆள் வந்து பழைய மெழுகை எடுத்துவிட்டு ஒவ்வொரு மெட்டாகச் சுரம் பார்த்து மறுபடி பதிப்பார். நம் மரபு முழுக்க முழுக்க செட்டப் தெரிந்த மரபு. நாம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது குருவின் அதட்டலை மட்டும். அவர் கையில் இருந்த மெழுகை விட்டுவிட்டோம்.

*

1950ல் அமெரிக்க விமானப்படை ஒரு கேள்வியோடு தன் விமானிகளின் உடல் அளவுகளை எடுத்தது. விமானத்தின் காக்பிட் "சராசரி விமானி"க்காக வடிவமைக்கப்பட்டது. அந்தச் சராசரி சரியானதா? கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரி 4,063 விமானிகளின் அளவுகளை எடுத்துவைத்து, உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகளிலும் சராசரியை ஒட்டி இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார். பூஜ்யம். ஒருவர்கூட இல்லை. சராசரி மனிதனுக்காகச் செய்த இருக்கை யாருக்குமே செய்யாத இருக்கையாக இருந்தது. விமானப்படை விமானிகளிடம் "உடம்பைப் பழக்கிக்கொள்" என்று சொல்லவில்லை. இருக்கையும் பெடலும் பட்டையும் ஆளுக்கு ஆள் நகரக்கூடியதாக இருக்கவேண்டும் என்று கேட்கத் தொடங்கியது.

ராணுவத்துக்கே புரிந்த விஷயம் நம் இசைப்பள்ளிகளுக்குப் புரியவில்லை என்பது வேடிக்கையாக இருக்கலாம். விளைவு வேடிக்கை இல்லை. கோணல் கூடத்தில் யார் தாக்குப்பிடிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய கை உள்ளவர். பதினான்கு வயதில் தொடங்கி, தினமும் மூன்று மணி நேரம் ஒதுக்க முடிந்தவர். ஒரு வாத்தியம் சரியில்லை என்றால் இன்னொன்றை வாங்க அப்பாவிடம் காசு உள்ளவர். வெளியே போகிறவர் யார்? சின்னக் கை உள்ளவர். நாற்பது வயதில் ஆசைப்பட்டுத் தொடங்குபவர். நாள் முழுக்க கீபோர்டைத் தட்டிவிட்டு இரவு ஒன்பதரைக்கு மேல் அரை மணி நேரம் மட்டும் கிடைக்கிறவர். பிறகு மேடையைப் பார்த்து, "பாருங்க, தாங்குகிறவங்கதான் ஜெயிக்கிறாங்க" என்கிறோம். வடிகட்டியை நாமே வைத்துவிட்டு, வடிந்து வந்ததைத் திறமை என்று கொண்டாடுகிறோம்.

அத்தனை பேரும் செட்டப்பினால் மட்டுமே கலைஞர்கள் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பயிற்சிக்கு மாற்று கிடையாது. விரலின் தோல் முதல் சில வாரங்கள் எரியும், அது காய்த்துப்போகும், அந்த வலி நியாயமானது. ஆனால் மணிக்கட்டில் தெறிப்பது, விரல் மரத்துப்போவது, முழங்கைவரை இழுப்பது, காலையில் எழுந்தால் கை மடங்க மறுப்பது, இவை எதுவும் காய்த்துப்போகிற வலிகள் இல்லை. இதற்கு "பழகிடும்" என்று சொல்ல எந்த இசை ஆசிரியருக்கும் தகுதி கிடையாது. வாத்தியத்தைக் கீழே வைக்கச் சொல்லவேண்டும். தொடர்ந்தால் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். தந்தி உயரத்தோடு, தோள்பட்டை எவ்வளவு நீளத்தில் தொங்குகிறது என்றும் பார்க்கவேண்டும். தொடை உயரத்தில் பேஸைத் தொங்கவிட்டால் பார்க்க ஸ்டைலாக இருக்கும், இடது மணிக்கட்டு செங்குத்தாக மடங்கும். உட்கார்ந்து வாசிக்கும்போது வாத்தியம் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நிற்கும்போதும் கிட்டத்தட்ட அங்கேயே இருக்கும்படி பட்டையை ஏற்றினால் பாதித் தொல்லை குறையும். நான்கு கிலோ எடையைத் தாங்க இரண்டு விரல் அகலப் பட்டை போதாது, அகலமான பட்டை வேண்டும்.

செலவே செய்ய முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. நான்கு தந்தியையும் அரை சுரம் இறக்கிச் சுருதி சேர்த்தால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைந்துவிடும். கேபோவை இரண்டாவது ஃப்ரெட்டில் போட்டு அங்கிருந்து பயிற்சியைத் தொடங்கினால் நட்டின் உயரம் கணக்கிலிருந்தே போய்விடும். இதெல்லாம் ரகசியம் இல்லை. ஆசிரியர் வாய் திறந்து சொன்னால் போதும்.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. கடைக்காரர்களே, பெட்டியைப் பிரித்து அப்படியே கையில் கொடுக்காதீர்கள். விலையில் செட்டப்பைச் சேருங்கள், 17வது ஃப்ரெட்டின் உயரத்தை ஒரு சீட்டில் எழுதி வாத்தியத்தோடு கொடுங்கள். ஆசிரியர்களே, முதல் வகுப்பில் ஸ்கேல் வாசிக்கச் சொல்வதற்கு முன் ஸ்டீல் ஸ்கேலை எடுங்கள். நட், கழுத்து, சேடில் மூன்றையும் பாருங்கள். தெரியாது என்றால் தெரிந்தவரிடம் அனுப்புங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. மாணவர்களே, அடுத்தமுறை யாராவது உங்களிடம் "கை சின்னது", "விரலில் பலமில்லை", "உனக்கு வராது" என்று சொன்னால் கோபப்படவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். "எத்தனை மில்லிமீட்டர் சார்?" என்று கேளுங்கள். பதில் எண்ணாக வந்தால் அவரிடம் தொடர்ந்து படியுங்கள். பழமொழியாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.